பதினைந்து ஜெர்சிகள், நாற்பது வளைவுகள்

திருப்பூர்

சனிக்கிழமை இரவு, வாரச் சம்பளம் வாங்கிய கையோடு அந்தப் பையன் எங்கள் வீட்டுப் படியேறினான். கையில் ஒரு கட்டைப்பை.

"அக்கா, வால்பாறைக்குப் போறேன்னு சொன்னீங்கல்ல. இதை எங்க எஸ்டேட்டுல சேர்த்துருங்க. நான் போட்டிக்கு முந்தின நாள்தான் வர முடியும்."

பைக்குள் பதினைந்து ஜெர்சிகள். கருநீலத் துணி, கழுத்திலும் கை முனையிலும் மஞ்சள் பட்டி. எங்கள் தெருமுனையில் உள்ள பவர் டேபிள் யூனிட்டில் அவன் ஓவர்லாக் டெய்லர். பகலில் ஒன்றரை ஷிப்ட் ஏற்றுமதி ஆர்டர் தைத்துவிட்டு, எல்லோரும் போன பிறகு முதலாளியிடம் கேட்டு மிஷினில் உட்கார்ந்து, பத்து இரவுகளில் இவற்றைத் தைத்து முடித்திருக்கிறான். ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தோள்பட்டையில் மட்டும் இரட்டைத் தையல் ஓடியிருந்தது.

"மேல ஈரத்துல இழுத்துப் பிடிப்பாங்கக்கா. ஒத்தத் தையல் நிக்காது."

எட்டாம் எண் அவனுடையது. அதை மட்டும் தனியாக மடித்து மேலாக வைத்திருந்தான்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மே மாதம் பள்ளி விடுமுறை வரும், எஸ்டேட் கோயில்களில் நோன்பு சாட்டுவார்கள், கீழே வேலைக்குப் போனவர்கள் மலைக்குத் திரும்புவார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பந்து சீசன். நான் போனது அதற்கு முந்தைய வாரங்களில். ஆட்டம் தொடங்காத, ஆனால் எல்லோர் வாயிலும் ஆட்டமே இருக்கிற நாட்கள் அவை. அவர்கள் கேட்டுக்கொண்டதால் எஸ்டேட்டின் பெயரையோ ஆட்களின் பெயரையோ இதில் நான் எழுதவில்லை.

ஆழியாறு

பொள்ளாச்சியைத் தாண்டி அங்கலக்குறிச்சி வரை தென்னையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அதன் முடிவில் ஆனைமலை சுவர்போல எழுந்து நிற்கும். காமராஜர் காலத்தில் தொடங்கிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் (பிஏபி), மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியது. பல்லடம் பக்கத்து என் பெரியப்பா தோட்டத்தில் மக்காச்சோளம் விளைந்ததெல்லாம் பிஏபி வாய்க்கால் தண்ணீரில்தான். "மலைத் தண்ணி வந்துருச்சு" என்று அவர் சொல்லும்போது சிறுமியான எனக்கு இந்த மலை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதே மலையிலிருந்து இப்போது எங்கள் பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களும் வருகிறார்கள்.

அணைக்கு எதிரே மீன் வறுக்கும் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். மிளகாய்ப் பூச்சில் சிவந்து கிடந்த ஜிலேபி மீனைக் கடைக்கார அம்மா எண்ணெயில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எந்தூருங் கண்ணு? திருப்பூருங்களா? மேல எதுக்குப் போறீங்?"

சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தினார்.

"அந்தப் பந்து வெளையாடற பசங்களா? போன மாசம் வந்து எங்கூட்டுக்காரர்கிட்ட பழைய வலை ரெண்டு கேட்டு வாங்கிட்டுப் போனாங்கொ. மீன் நழுவற வலைங்க அது. பந்து நழுவாதுன்னு சொல்லிச் சிரிச்சாங்கொ."

மீனுக்குக் காசு வாங்கிக்கொண்டார். ஒரு துண்டு வாழை இலையில் கூடுதலாக இரண்டு துண்டு மடித்துத் தந்தார். அது அந்தப் பசங்களுக்காம்.

நாற்பது வளைவுகள்

ஆழியாற்றுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் நின்றால் அணை முழுவதும் காலடியில் தெரியும். இந்தச் சாலையை வகுத்த லோம் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அதை லோம்ஸ் வியூ என்கிறார்கள். அங்கே பாறைச் சரிவில் மூன்று வரையாடுகள் நின்றன. பேருந்து பெருமூச்சு விட்டுத் திரும்பியபோதும் அவை அசையவில்லை.

அட்டகட்டிக்கு மேல் காற்று மாறிவிட்டது. திருப்பூரில் காலை ஒன்பது மணிக்கே சுட்ட வெயில் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பாட்டி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மடியில் பேத்திக்கு வாங்கிய வளையல் பெட்டி. "எங்க தாத்தா நடந்து ஏறினாராம்மா இதுல. சங்கரன்கோயில்ல இருந்து கங்காணி கூட்டிட்டு வந்தது" என்றார்.

தேயிலைக்காக இந்தக் காட்டை வெட்டத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், அந்தக் கங்காணி காலத்து மக்கள் பட்டதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. பாலாவின் 'பரதேசி' படம் பிறந்ததும் அதிலிருந்துதான். டேனியல் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை, தொழிலாளர்களுக்குச் சங்கமும் கட்டினார். வழியெங்கும் தோட்டம் போட்ட துரைமாரின் பெயர்கள் எஸ்டேட் பலகைகளில் இன்னும் இருக்கின்றன. மரம் சாய்த்தவர்களின் பெயர்கள் எங்கேயும் எழுதப்படவில்லை. அந்தப் பாட்டியின் தாத்தா பெயரைக் கேட்டு என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வால்பாறை பஜார்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். ஒரே கடைவீதி, அதற்குப் பின்னால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. டீக்கடைப் பலகையில் சூடாக ஒரு பன், டஸ்ட் டீ. எஸ்டேட்டிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்தவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். பையன்கள் அவரை ஃபேக்டரி அண்ணன் என்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் ஸ்டாப்பர் பேக். இப்போது அணியை நடத்துகிறார்.

டீக்கடையில் இருந்தவர்கள் ஜெர்சிப் பையை அங்கேயே பிரிக்கச் சொன்னார்கள். கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். பிறகு பேச்சு சண்டைக்குத் திரும்பியது. ஒரு அணிக்கு எத்தனை கெஸ்ட்?

இந்தப் போட்டியில் ஒவ்வொரு எஸ்டேட்டும் வெளியாள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். யார் வெளியாள் என்பதில்தான் தகராறு. எதிர் எஸ்டேட்டின் பெரியவர் ஒருவர் செக்ரோலை, அதாவது எஸ்டேட் ஆள் பதிவேட்டை, முன்வைத்து அழுத்தமாகச் சொன்னார்:

"திருப்பூர்ல தைக்கிறவன் எப்படிண்ணே எஸ்டேட்டுக்காரன் ஆவான்? செக்ரோல்ல பேரு இருக்கா? பி.எஃப். நம்பர் இருக்கா?"

"அவன் அம்மா பேரு இருக்குல்ல."

"அம்மாவா வந்து ஆடப்போகுது?"

"சரி, உங்க கணக்குப்படியே வர்றேன். எங்ககிட்ட ஜார்க்கண்ட் பசங்க மூணு பேரு இருக்காங்க. மூணு பேருக்கும் பி.எஃப். நம்பர் இருக்கு. அவங்க லோக்கல்னு ஒத்துக்கிறீங்களா?"

பெரியவர் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். பதில் சொல்லவில்லை.

எனக்கு என் அக்கா மகன் நினைவு வந்தது. அவன் கனடாவில் வினிபெக்கில் இருக்கிறான். நான் கிளம்பிய வாரம்தான் தங்கள் ஊர் சீசன் வரப்போவதைப் பற்றிப் போனில் அரைமணி நேரம் பேசினான். அந்த நாட்டில் ஃபுட்பால் என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. ஒரு பக்கம் பன்னிரண்டு பேர். பத்து கெஜம் முன்னேற மூன்றே வாய்ப்பு. ஒன்பது அணிகள், மே மாதம் பயிற்சி முகாம், ஜூனில் தொடக்கம், பனி கொட்டத் தொடங்கும் நவம்பரில் கிரே கோப்பை இறுதி ஆட்டம். அமெரிக்காவிலிருந்து வீரர்கள் வந்து குவிந்துவிடக் கூடாதென்று அங்கேயும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தொடக்கத்தில் இறங்கும் இருபத்து நான்கு பேரில் குறைந்தது ஏழு பேர் கனடாக்காரர்களாக இருக்க வேண்டும். யார் கனடாக்காரர் என்பதற்கும் தனியாக விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னேன். ஃபேக்டரி அண்ணன் ஆர்வமாகக் கேட்டார். "அங்கயும் இதே பிரச்சனைதானா?" என்று பெரியவரைப் பார்த்தார். "பேசித் தீத்துக்கலாம்ணே. ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடும்ல."

இது வெறும் பந்துத் தகராறு என்று எனக்குத் தோன்றவில்லை. 2001 கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள் தொகை 95 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. 2011இல் 71 ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. தமிழ்நாட்டின் ஊர்களெல்லாம் பெருத்துக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த ஊர் நாலில் ஒரு பங்கு ஆட்களை இழந்திருக்கிறது. பதினொரு பேரைத் தேடிப் பிடிப்பதே இங்கே பெரிய வேலை.

மைதானம்

ஜீப் இறங்கிய இடத்தில் முதலில் தெரிந்தது இரண்டு கம்பங்கள். யூகலிப்டஸ் கம்பங்கள், குறுக்கே ஒன்று. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அவற்றுக்குப் பின்னால், ஆழியாற்றுப் பரிசலில் கிடந்த வலை. அந்த அம்மா கொடுத்தனுப்பிய மீனை நீட்டியதும் இரண்டு சிறுவர்கள் வலைக்குள்ளேயே உட்கார்ந்து தின்றார்கள்.

மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த திட்டு அது. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் இவற்றோடு பொழுதுபோக்குக்கும் வசதி செய்து தர வேண்டும் என்றது. "ஆனா மட்டமாக்கினது எங்க அப்பா காலத்து ஆளுங்கதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மம்பட்டியோட வருவாங்களாம்" என்றார் ஃபேக்டரி அண்ணன். ஒரு ஆடி மழையில் பள்ளத்துப் பக்கம் பத்தடி சரிந்து போய்விட்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கக் கோடு உள்ளே தள்ளி வந்துவிட்டது. கனடாவிலும் மைதானத்தைக் குறுக்கப் போகிறார்கள். 110 கெஜ நீளத்தை 2027இலிருந்து 100 ஆக்குவதாக 2025இல் அறிவித்தார்கள், அக்கா மகனுக்கு அதில் ஆற்றாமை. ஒரு மைதானத்தின் அளவு மாறினால் அதில் வளர்ந்தவர்களின் கால் எப்படி அதை ஏற்கும் என்று அவன் கேட்டிருந்தான். இங்கே அப்படி ஏற்றுக்கொண்ட கால்களைப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் பந்து போனால் இவர்கள் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை, கோட்டுக்கு ஓரடி முன்னால் உடம்பை மட்டும் உள்ளே சாய்த்துக்கொள்கிறார்கள்.

அன்றைய வேலை கோடு போடுவது. ஆணியால் அடியில் துளை போட்ட பெயின்ட் டப்பா, அதற்குள் நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டு முளைக்குச்சிகளுக்கு இடையே தேங்காய் நார்க் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு சிறுமி டப்பாவைக் கயிற்றின் மேலே பிடித்துத் தட்டிக்கொண்டே நடந்தாள். கயிற்றை எடுத்ததும் ஈரமான புல்லில் வெள்ளைக் கோடு அப்படியே கிடந்தது. அவள்தான் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராம். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். யூடியூபில் அந்த இறுதி ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாள் என்று அவள் தம்பிதான் சொன்னான்.

நடு வட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று பள்ளங்கள். தட்டு அளவுக்கு வட்டம், உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. யானைக் கால்தடம். மூன்று நாளுக்கு முன்னால் ஒரு கூட்டம் குறுக்கே நடந்து போயிருக்கிறது. ஒருவர் மண்ணைக் கொட்டினார், இன்னொருவர் திம்சுக்கட்டையால் இறுக்கினார். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. "அதுங்க வழி இது. நாமதான் வழியில மைதானம் போட்டுட்டோம்."

இந்த ஊரில் யானை எங்கே நிற்கிறது என்பதை மாலையானால் போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் 2011இல் தொடங்கிய ஏற்பாடு. யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளையும் சாலையோரங்களில் நட்டார்கள். அந்த வேலைக்காக எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. யானையை இவர்கள் கணக்கில் கொண்டுவிட்டார்கள். சிறுத்தை அப்படியில்லை. 2025 ஜூனில் இங்கே ஒரு எஸ்டேட்டில் வீட்டு வாசலிலிருந்து ஜார்க்கண்ட் குடும்பத்துக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஆறு மணி ஆனால் பயிற்சி நின்றுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளைப் பெரிய பையன்கள் பாடி எனும் தொழிலாளர் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். தோளில் பந்துவலை, கையில் டார்ச். அந்த ஊர்வலத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

நாலரை மணிக்குக் கொழுந்து எடை போட்டு முடித்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. ஜார்க்கண்ட் பையன்கள் மூவரில் ஒருவன் வெறுங்காலோடு இடது ஓரத்தில் ஓடினான். பந்து அவன் பாதத்தை விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகவில்லை. இடைவேளையில் அவனிடம் பேசினேன். கும்லா மாவட்டம். இந்தியா 2022இல் நடத்திய பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் நம் அணியின் கேப்டன் அஸ்தம் ஓராவோனும் அந்த மாவட்டம்தானே என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஜில்லா! எங்க ஊர்ல எல்லாரும் பந்துதான் அக்கா. ஆடு பரிசு வெச்சு ஆடுவோம்."

தமிழை எங்கே கற்றாய் என்று கேட்டேன். "இங்கதான். பாஸ் குடு, திருப்பு, விடாத, லே மக்கா. மொதல்ல அது வந்துச்சு. அப்புறம்தான் கடையில அரிசி கேக்கறது."

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து பனி ஏறியது. முதலில் தூரத்துக் கோல் கம்பம் போனது. பிறகு நடு வட்டம். பிறகு எனக்கு முன்னால் நின்ற பையனின் கால்கள். ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சத்தத்தில் ஆடினார்கள். பந்தின் மேல் கால் படும் சத்தம், மூச்சு, "எட்டு இல்ல, எட்டு இல்ல, பதினொண்ணு வா" என்ற குரல். எட்டாம் எண் ஆடவேண்டிய இடம் அன்று காலியாக இருந்தது. அந்த இடத்தை நிரப்பாமல்தான் பயிற்சி செய்கிறார்கள்.

பந்து தேயிலைக்குள் போனதும் ஆட்டம் நின்றது. குச்சியோடு நாலு சிறுவர்கள் செடிகளுக்குள் நுழைந்தார்கள். அந்த இடைவெளியில் அக்கா மகன் சொன்ன கதையைச் சொன்னேன். 1962 டிசம்பர் 1, டொராண்டோ, கிரே கோப்பை இறுதி ஆட்டம். வினிபெக்கும் ஹாமில்டனும். ஏரியிலிருந்து பனி ஏறி மேலே போன பந்து யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிய 9 நிமிடம் 29 வினாடி இருக்கும்போது நிறுத்திவிட்டார்கள். மறுநாள் எல்லோரும் திரும்பி வந்து அந்த ஒன்பதரை நிமிடத்தை ஆடி முடித்தார்கள். ஒருவரும் புள்ளி எடுக்கவில்லை. 28–27 என்று வினிபெக் கோப்பையை வாங்கியது.

"ஒம்பது நிமிசத்துக்காக மறுநாளு வந்தாங்களா?" என்றான் ஒருவன்.

"வராம?" என்றார் ஃபேக்டரி அண்ணன். "நாம வரலையா? செமிஃபைனல்ல யானை வந்து நின்ன வருசம், மிச்சம் இருவது நிமிசத்தை அடுத்த ஞாயிறு ஆடினோம். எதிர் டீமு லோடு ஜீப்புல நின்னுக்கிட்டே வந்தானுங்க."

வினிபெக் அணிக்குத் தனி முதலாளி கிடையாது, அது ஊர் மக்களுக்குச் சொந்தமான சங்கம் என்றும் சொன்னேன். அது இவர்களுக்கு ஆச்சரியமாக இல்லை. சம்பள நாளன்று வீட்டுக்கு வீடு வசூல் செய்துதான் இவர்கள் பந்து வாங்குகிறார்கள்.

செடிக்குள்ளிருந்து பந்து திரும்பியது, கூடவே ஒரு சிறுவனின் கெண்டைக்காலில் இரண்டு அட்டைகள். கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார்கள். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

பாடி

எட்டாம் எண்ணின் வீட்டில் தங்கினேன். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, கூரைக்கு மேல் மேராக்காய்க் கொடி. அவன் அம்மா மேராக்காய்ப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். சோற்றைப் பிசையும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் கொழுந்துக் கறையில் கறுத்து, ரேகைகள் மட்டும் பழுப்பாகத் தெரிந்தன.

ஜெர்சிகளில் எட்டாம் எண்ணை ஃபேக்டரி அண்ணன் அவரிடம் கொடுத்திருந்தார். அதைத் திருப்பி, நான் பார்த்த அதே தோள் தையலைப் பார்த்தார். பல்லால் ஒரு நூலைக் கடித்து எடுத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

"அடுத்த வருசம் எனக்கு ரிட்டையருமா. வீட்டை ஒப்படைச்சாத்தான் கிராஜுவிட்டி தருவாங்க. இந்த வீட்டுலதான் அவன் பொறந்தான். எங்க மாமியாரு செத்ததும் இதே ரூமுல."

"அப்புறம் எங்க போவீங்க?"

"திருப்பூருக்குத்தான் கூப்பிடுறான். ஒரு ரூமு, மேல தகரம். வெயில்ல எப்படித் தாங்குவேனோ." குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார். "சங்கரன்கோயில்ல ஒண்ணும் கிடையாது. எல்லாம் தாத்தா காலத்தோட போச்சு."

கடையில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி எனக்கு அப்போது வேறு மாதிரி விளங்கியது. இந்த மலையில் வீடு வேலையோடு ஒட்டியது. அம்மாவின் பெயர் செக்ரோலிலிருந்து நீங்கும் நாளில் அந்தப் பையனுக்கு இந்த மண்ணில் சொல்லிக்கொள்ள ஒரு கதவு எண்கூட இருக்காது. மூன்று தலைமுறை தேயிலை பறித்த குடும்பத்தின் பிள்ளை, அதற்குப் பிறகு இங்கே கெஸ்ட். இது அநியாயம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு இந்த மலையிலேயே ஒரு துண்டு நிலமும் வீடும் தருவதற்கு இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்?

சின்கோனா

மறுநாள் காலை ஃபேக்டரி அண்ணனோடு நடுவரைப் பார்க்கப் போகும் வழியில் சின்கோனா. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் பகுதி. பக்கத்தில் சின்னக்கல்லாறு, தென்னிந்தியாவின் சிராபுஞ்சி என்று சொல்லும் அளவுக்கு மழை கொட்டும் இடம். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களில் பலரை டான்டீ தோட்டங்களில் குடியமர்த்தினார்கள்.

அங்கே ஒரு முதியவர். எழுபது தாண்டியவர். பதுளைப் பக்கம் பிறந்து, பையனாகக் கப்பலேறி வந்தவர். வெந்நீர்போல் சூடான வரட்டீ கொடுத்தார்.

"அங்கன லயத்துக்குப் பக்கத்துலயே கிரவுண்டு இருந்திச்சு. இங்க வந்த புதுசுல யாரும் எங்களோட பேசல. சிலோன்காரன், சிலோன்காரன்னாங்க. ஒரு நாளு பந்து வெளிய வந்திச்சு, நான் எடுத்து அடிச்சன். அண்டைக்கே டீமுல சேத்துட்டாங்க."

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோவை எடுத்தார். பதினொரு பேர். ஒவ்வொருவராக விரல் வைத்து, இவன் திருநெல்வேலி, இவன் சேலம், இவன் பாலக்காடு, இது நான் என்று சொல்லிக்கொண்டே போனார். மலைக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்பதை அந்தப் போட்டோவே சொல்லிவிட்டது. இப்போது எடுத்தால் அதில் கும்லாவும் இருக்கும். டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு 2022இல் முடிவெடுத்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது. "மறுபடி கப்பல் ஏறச் சொல்லுவாங்களோ" என்று கேட்டார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சோலையாறு, மளுக்கப்பாறை

சோலையாறு அணையில் கோடைத் தண்ணீர் அடியில் கிடந்தது. கரையில் சிவப்பு மண் படிப்படியாகத் தெரிந்தது. எல்லை தாண்டினால் மளுக்கப்பாறை, அங்கிருந்து காடு வழியே அதிரப்பள்ளிக்கும் சாலக்குடிக்கும் இறங்கும் சாலை. ஒரு சேட்டன் கடையில் கப்பக்கிழங்கும் மத்திக் கறியும். கறியில் குடம்புளி தூக்கலாக இருந்தது. எங்கள் கொங்கு நாக்கு அந்தப் புளிப்புக்குப் பழக நாலு வாய் ஆனது, பிறகு நிறுத்த முடியவில்லை.

நடுவர் மலையாளி. மலப்புறத்தின் செவன்ஸ் ஆட்டங்களில் விசில் ஊதியவர். சுவரில் ஐ.எம். விஜயன் படம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் இந்திய அணிக்குக் கேப்டன் ஆன கதையை அவர் எனக்குத் தெரியாதது போலவே முழுதாகச் சொன்னார். நானும் முழுதாகக் கேட்டேன். கெஸ்ட் தகராறு அவர் காதுக்கும் வந்திருந்தது.

"நான் விசில் ஊதும்போ பி.எஃப். நம்பர் நோக்கில்லா. ஜெர்சி நம்பர் மட்டும் நோக்கும்" என்றார்.

திரும்பும் வழி

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். பஸ் ஏறும் இடத்துக்கு எட்டாம் எண்ணின் அம்மா வந்தார். மகனுக்கு ஒரு கிலோ டஸ்ட், எனக்கு ஒரு கிலோ, நாலு மேராக்காய். முடிவு என்னவானாலும் ஜெர்சி ஆணியில்தான் இருக்கும் என்றார்.

இருபத்து மூன்றாவது வளைவில் போன் அடித்தது. பின்னால் ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டிருக்கிறான்.

"அக்கா, அளவு சரியா இருந்துச்சா?"

"கோல்கீப்பருக்கு மட்டும் கொஞ்சம் இறுக்கம்."

"பக்கத்துல துணி விட்டிருக்கேன், பிரிச்சுக்கலாம். கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"யானை?"

"வந்துட்டுப் போயிருச்சு. பள்ளத்தை மூடிட்டாங்க."

சற்று நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"வலது மூலையில ஒரு ஊத்து இருக்குமேக்கா, எப்பவும் சொதசொதன்னு. மணல் போட்டாங்களா?"

"ஆறு மூட்டை போட்டதாச் சொன்னாரு அண்ணன்."

"பத்தாது. இன்னும் ரெண்டு மூட்டை போடச் சொல்லுங்கக்கா. நான் அந்தப் பக்கம்தான் ஓடுவேன்."